லாகர் கிட் ஒண்டு: டண்டினோங்கில பியர், கல்லடியில இஞ்சிச் சோடா

நம்மட ஊரில கனபேருக்கு வெளிநாட்டில ஒரு அண்ணனோ மச்சானோ இரிக்கிறதால இத எழுதுறன், ஏனெண்டா நான் வந்து இறங்கின நாள்ல இருந்து எங்கட வீட்டுக் குசினியில இரிக்கிற அந்தப் பிளாஸ்டிக் பரலப் பாத்திட்டு "என்னகா இது, இதிலயா பியர் செய்யிற, எனக்கும் ஒண்டு எடுப்பிக்கலாமா" எண்டு கேக்காத ஆள் இல்ல. போன வருசம் யூன் தொடக்கம் ஆகஸ்ட் கடைசி மட்டும் மூண்டு மாசம் மெல்பேர்ண்ல டண்டினோங் பக்கம் அண்ணன்ர வீட்ட நிண்டன், அங்க ரெண்டு பேரும் சேந்து, வீட்டில பியர் போடுற சாமானெல்லாம் ஒரு பெட்டியில வாற கிட் ஒண்டு வச்சு ரெண்டு தரம் லாகர் எண்டுற வகைப் பியர் போட்டம், மறுகா அண்ணன் புதுப் பரல் வாங்கப் போறாரெண்டு பழசையும் போத்தல்களையும் எனக்குத் தந்தார், அதில இஞ்ச மட்டக்களப்பு கல்லடியில இஞ்சிச் சோடா போடுறன். ரெண்டு இடத்திலயும் பாவிச்ச ஆள் எண்டபடியா ரெண்டையும் சொல்லுறன்.

கிட் பெட்டிக்குள்ள என்ன இரிக்கெண்டா, கிட்டத்தட்ட 30 லீற்றர் கொள்ளுற பரல் ஒண்டு, அடியில திருகித் திறக்கிற டப் பூட்டினது, 1.7 கிலோ ரின்ல மோல்ட் (முளைக்கவிட்ட பார்லி) பாணி, அது ஏற்கனவே ஹொப்ஸ் எண்டுற கசப்புப் பூச் சேத்து வத்தக் காச்சினது, கித்துள் பாணி மாதிரிக் கறுப்பா தடிப்பா இருக்கும், ஆனா இனிப்புக்குப் பின்னால ஒரு கசப்பு வரும். ரின் மூடிக்குக் கீழ சின்னப் பைக்கற் ஈஸ்ட். மறுகா ஒரு கிலோ சீனிக் கலவை, சீனி எவ்வளவு இரிக்கெண்டு மிதந்து காட்டுற ஹைட்றோமீற்றர், பரல்ல ஒட்டுற தேமோமீற்றர், போத்தலுக்குள்ள அடி மட்டும் போற ஒரு குழாய், 740 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தல் 30. இதால 23 லீற்றர் பியர் வரும். அண்ணன் நூத்துச் சொச்ச டொலருக்கு எடுத்தவர், ரெண்டாந் தரத்தில இருந்து ரின்னும் சீனியும் மட்டும்தான் செலவு எண்டபடியா காசு விசயத்தில நான் ஒரு குறையும் சொல்லமாட்டன்.

இன்னொரு விசயம், கேக்கிற ஆக்கள் இதத்தான் முதல்ல விளங்கிக் கொள்ளணும். அவுஸ்திரேலியாவில வீட்டுப் பாவனைக்கு பியர் போடலாம், விக்கக் கூடா, ஸ்டில் (காச்சி வடிக்கிற சாதனம்) வச்சு சாராயம் வடிக்கக் கூடா, அவ்வளவுதான். இலங்கையில அப்பிடியில்ல, 1912ம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் இரிக்கு, லைசன் இல்லாம வீட்டில பியர் போட்டா குற்றம். அதால நான் மோல்ட் ரின் ஒண்டும் கொண்டு வரல்ல, பரலும் போத்தலும் சாமானும் மட்டும்தான். நீங்க அண்ணன்மார்ட்ட கிட் கேக்கிறதெண்டா இத யோசிச்சிட்டுக் கேளுங்க.

சரி, முதல் தரம் போட்டது. யூன் முதல் கிழமை, எனக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாம ரெண்டு ஸ்வெற்றரோட திரிஞ்ச நேரம். கிட்டோட வந்த செய்முறைத் தாளில என்ன போட்டிருந்திச்சோ அப்பிடியே செய்தம், ரெண்டு லீற்றர் சுடுதண்ணியில பாணியையும் சீனியையும் கரைச்சு, மிச்சத்துக்குப் பைப் தண்ணி 23 லீற்றர் மட்டும் விட்டு, மேல ஈஸ்டத் தூவி மூடினது. மொத்தமா அரை மணித்தியால வேலை. ஆனா அதுக்கு முன்னால கழுவின வேலை ஒண்டரை மணித்தியாலம், அண்ணன் அதில சரியான கண்டிப்பு. பரல், மூடி, கரண்டி, டப், கத்தரிக்கோல் எல்லாம் முதல்ல ஒட்சிசன் பிளீச் பவுடர்ல ஊறப்போட்டு, மறுகா அலசத் தேவையில்லாத, கிருமி கொல்லுற அசிட் சனிற்றைசர்ல நனைச்சு எடுக்கணும். டப்ப கழட்டித்தான் கழுவணும் எண்டு தாளில வடிவாப் போடல்ல, அதுதான் எனக்கு முதல் குறை. அண்ணன் முந்திப் போட்ட ஒரு பரல் முழுக்கப் புளிச்சு ஊத்தினவராம், கழட்டிப் பாத்தா டப்புக்குள்ள திருகிற இடத்தில பழைய பியர் காஞ்சு பிசினா ஒட்டிக் கிடந்ததாம். நம்மட அம்மாமார் தயிர்ச் சட்டிய வெயில்ல காயவைக்கிறது ஏன் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் நல்லா விளங்கினது.

ஹைட்றோமீற்றர் முதல் நாள் 1.040 காட்டினது. ஈஸ்ட் தூவின அடுத்த நாள் காலம மூடியில நுரை தட்டினது. தாளில 21 தொடக்கம் 27 டிகிரிக்குள்ள வையுங்க எண்டு இருந்ததால மதினியிட்டக் கேட்டு ஹீற்றர் போடுற அறையில ஒரு மூலையில வச்சம், அங்க எப்பவும் 24 டிகிரி நிண்டது. ஏழாம் நாள் 1.009, ஒம்பதாம் நாளும் 1.009, அப்ப முடிஞ்சிற்றெண்டு அர்த்தம். முதல் நாள் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்த 131 ஆல பெருக்கினா அற்ககோல் வீதம் வரும், 4 சொச்சம். போத்தலடிச்சு மூண்டு கிழமை வச்சுத் திறந்தம்.

பியர்தான், இல்லையெண்டு சொல்ல ஏலா. நுரை நிண்டது, கசப்பு அளவா இருந்தது. ஆனா வாயில வைச்ச உடன வாழைப்பழ வாசம், கதலிப்பழம் நல்லாப் பழுத்து ரெண்டு நாள் கிடந்த மாதிரி, மறுகா அடி நாக்கில அப்பிள் சைடர் மாதிரி ஒரு மெலிவு. அண்ணன் "பரவாயில்லடா தம்பி, குளிரா வச்சா தெரியாது" எண்டார். எனக்கு மனசு கேக்கல்ல. லாகர் எண்டு பெட்டியில எழுதிற்று லாகர் இல்லாத ஒண்டு வந்தா அது ஏன் எண்டு தெரியணுமே.

தேடி வாசிச்சதில விசயம் இதுதான். லாகர் எண்டுற சொல்லே ஜேர்மன் மொழியில சேமிச்சு வைக்கிறது எண்டதில இருந்து வந்தது, குளிர்ல கனநாள் வைச்சு எடுக்கிற பியர். அதுக்கு வேற ஈஸ்ட், சக்கரோமைசிஸ் பஸ்ரோறியானுஸ் எண்டு பேர், 8 தொடக்கம் 14 டிகிரிக்குள்ள ஆறுதலா வேலை செய்யும், அந்தக் குளிர்ல பழ வாசம் உண்டாக்காது. பாண் ஈஸ்ட்டும், ஏல் எண்டுற மற்ற வகைப் பியருக்குப் போடுற ஈஸ்ட்டும் சக்கரோமைசிஸ் செரவிசியே, அது 18க்கு மேலதான் உசார், வெக்கை கூடக் கூட எஸ்ரர் எண்டுற பழ வாசத்த விடும். 24 டிகிரியில வைக்கச் சொல்லுற தாள் ஒண்டு லாகர் செய்யிற தாளா இருக்க ஏலா. வீட்டில குளிர்ப் பெட்டி இல்லாத ஆளும் பிழைக்காமச் செய்யட்டும் எண்டு வெக்கையத் தாங்குற ஈஸ்டப் போட்டு அதுக்கு ஏத்த மாதிரி எழுதியிருக்கிறாங்க. அது நியாயம், ஆனா பெட்டிக்கு மேல அதச் சொல்லணும், புதுசா வாங்குற ஆள் தான்ர கையிலதான் பிழை எண்டு நினைச்சு விட்டிட்டுப் போயிருவான். சீனிக் கலவையும் அப்பிடித்தான், வெள்ளச் சீனி கூடினா உடம்பு இல்லாத, தண்ணி மாதிரிப் பியர்தான் வரும்.

முதல் பியர் திறக்கக்குள்ளயே யூலை பிறந்திற்று, எனக்கு நாள் காணாது, ஆனா நல்ல காலம் ரெண்டாவத அண்ணன் அதுக்கு முன்னமே, போத்தலடிச்ச அடுத்த நாளே போட்டிட்டார், வேலைத்தலத்தில ஒரு ஆள் லாகர் ஈஸ்ட் போட்டுப் பாருங்க எண்டு சொன்னதக் கேட்டு. அதே ரின், ஆனா சீனிக் கலவைக்குப் பதிலா உலர் மோல்ட் பவுடர், பைக்கற் ஈஸ்டுக்குப் பதிலா டபிள்யூ 34/70 எண்டுற ஜேர்மன் லாகர் ஈஸ்ட் ரெண்டு பைக்கற், குளிர்ல போடுறதெண்டா ஒண்டு காணாது. வச்ச இடம் கார் கராஜ். மெல்பேர்ண் குளிருக்கு அந்தக் கராஜ்ல 11, 12 டிகிரி தானா நிண்டது, இரவில கூடக் குறைஞ்சா பழைய கம்பளியால சுத்தினம், ஒரு கருவியும் வாங்கல்ல.

ரெண்டு நாளா ஒரு அசுமாத்தமும் இல்ல. மூண்டாம் நாள் மெல்லிசா நுரை. அஞ்சாம் நாள் கராஜ் கதவத் திறந்த மதினி மூக்கப் பொத்திக்கொண்டு வந்தா, கூழ்முட்டை நாத்தம். லாகர் ஈஸ்ட் வேலை செய்யக்குள்ள கந்தக வாசம் வரும், அது தானாப் போயிரும், ஊத்திப் போடாதீங்க. முடியிற கட்டத்தில பரலத் தூக்கி வீட்டுக்குள்ள ரெண்டு மூண்டு நாள் 17 டிகிரி மட்டில வைச்சம், அப்பிடி வைக்காட்டி பட்டர் வாசம் ஒண்டு தங்கிரும், வெக்கை சொட்டு ஏற ஈஸ்டே அதச் சாப்பிட்டு முடிச்சிரும். மூண்டு கிழமை முடிஞ்சு போத்தலடிச்சு, ரெண்டு கிழமை வீட்டுக்குள்ள காஸ் ஏற விட்டு, மறுகா பழைய பிறிட்ஜுக்குள்ள போட்டம்.

ஆகஸ்ட் நடுவில ஒரு ஞாயிறு, அண்ணன் மார்க்கெட்டில கணவாய் வாங்கி வந்து நம்மட முறையில மிளகும் தூளும் போட்டுப் பிரட்டி வைச்சிருந்தார், அப்பதான் திறந்தம். தெளிஞ்ச பொன் நிறம், அடியில ஈஸ்ட் ஒட்டியிருந்ததால கடைசிச் சொட்டு மட்டும் விட்டிட்டு ஊத்தினது. பழ வாசம் ஒரு துளி இல்ல. பாண் கருக்கின மாதிரி மெல்லிய தானிய வாசம், முடிவில துப்பரவான கசப்பு, அடுத்த வாய் கேக்கும். பதினாறு வருசத்துக்குப் பிறகு அண்ணனும் நானும் ஒரு வீட்டில மூண்டு மாசம் இருந்தம், அந்த ஒரு போத்தல ரெண்டு கிளாஸ்ல பங்கி ஒண்டும் கதைக்காம இருந்து குடிச்சம். அந்த லாகருக்கு நான் பத்துக்கு ஒம்பது போடுவன், முதலாவதுக்கு அஞ்சு.

போத்தலடிக்கிறதப் பத்தியும் சொல்லணும், கிட்ல எனக்குப் பிடிச்ச பகுதியே அதுதான். அந்தக் குழாய டப்பில செருகி போத்தல் அடியில முட்ட வைச்சா தானாத் திறக்கும், எடுத்தா தானா நிக்கும், ஒரு சொட்டும் சிந்தாது, காத்துப் படாம அடியில இருந்து நிரம்பும், குழாய எடுக்கக்குள்ள மேல விடவேண்டிய இடைவெளி தானா வந்திரும். ஒவ்வொரு போத்தலுக்கும் சீனி போடணும், லீற்றருக்கு 8 கிராம் கணக்கில இந்தப் போத்தலுக்கு 6 கிராம். குளிர்ல போட்ட பியருக்குள்ள ஏற்கனவே காஸ் கூடத் தங்கியிருக்கும், அதால லாகருக்கு சொட்டுக் குறைச்சம். ஹைட்றோமீற்றர் ரெண்டு நாள் ஒரே இலக்கம் காட்டாம போத்தலடிக்கவே கூடா, உள்ள சீனி மிச்சமிருந்தா போத்தல் வெடிக்கும். பிளாஸ்டிக் போத்தல் கபில நிறத்தில இருக்கிறதும் காரணத்தோடதான், வெளிச்சம் பட்டா ஹொப்ஸ் கெட்டு நாத்தம் அடிக்கும்.

இனி ஊருக்கு வாறன். பரலுக்குள்ள என்ர உடுப்பும் போத்தலும் அடைஞ்சு சுத்திக் கட்டிக் கொண்டு வந்தன், ஒரு போத்தலும் நெளியல்ல.

கல்லடியில லாகர் எண்ட கதைக்கே இடமில்ல, சட்டத்த விட்டாலும் வெக்கை விடாது. பரல்ல ஒட்டின தேமோமீற்றர நான் நாளாந்தம் பாக்கிறன், கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில எங்கட குசினி 32, 33, மார்கழி மழையில வாடைக் காத்தோட கூட 25க்குக் கீழ இறங்கல்ல. அந்தக் காலத்தில 1881ல சிலோன் ப்ரூவரி எண்ட பியர்க் கொம்பனியக் கொண்டு போய் நுவரெலியாவில வைச்சது குளிரும் மலைத் தண்ணியும் பாத்துத்தான். நம்மட கடற்கரைக்கு ஏத்தது கள்ளு, காலம இறக்கி மத்தியானம் புளிக்கிற வேகத்துக்கு இந்த வெக்கைதான் சரி. ஒவ்வொரு இடத்துக்கும் அந்தந்த ஈஸ்ட்.

அதால இஞ்சிச் சோடா. 8 லீற்றருக்கு 400 கிராம் நாட்டு இஞ்சி தோலோட கழுவி உரல்ல இடிக்கிறன், கிரைண்டர்ல அரைச்சா கலங்கி வருது. 800 கிராம் சீனியோட ரெண்டு லீற்றர் தண்ணியில கால் மணித்தியாலம் கொதிக்கவிட்டு, துணியில வடிச்சு, ஆறு தேசிக்காய் புளிஞ்சு, கொதிச்சு ஆறின தண்ணி விட்டு நிரப்பி, கைச்சூட்டுக்குக் கீழ வந்த பிறகு பாண் ஈஸ்ட் கால் தேக்கரண்டி. தண்ணி முக்கியம். எங்கட கிணத்துத் தண்ணி உவர், அதில போட்டது நாக்கில உப்பா நிண்டது, பைப்ல வாற உன்னிச்சைக் குளத்துத் தண்ணி நல்லம், ஆனா குளோரின் வாசம் போகக் கொதிக்க வைக்கணும் இல்லாட்டி மருந்துக் கடை மணம் வரும்.

உடன போத்தலடிச்சு குசினியில வைச்சா கச்சான் காலத்தில 18 மணித்தியாலத்தில போத்தல் கல்லு மாதிரி இறுகிரும், மார்கழியில ஒண்டரை நாள் எடுத்தது. அமத்திப் பாத்து இறுகினதும் பிறிட்ஜுக்குள்ள, ஒரு கிழமைக்குள்ள முடிக்கணும். எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் குடிச்சு வளந்த வாய்க்கு இது காரம் கூட, இனிப்புக் குறைவு, தொண்டையில இறங்கி நெஞ்சு மட்டும் சூடு தெரியும். புரியாணிக்குப் பிறகு இதுக்கு மிஞ்சி ஒண்டும் இல்ல எண்டு நான் மனசாரச் சொல்லுவன்.

ஒருக்கா பிளாஸ்டிக் போத்தல் காணாம ரெண்டு பழைய கண்ணாடிப் போத்தல்லயும் அடைச்சன். அண்டைக்கு மத்தியானம் கறண்ட் போய் பிறிட்ஜ் நிண்டிற்று, நான் வேலையில. அம்மா போன்ல "மனே, குசினியில துவக்குச் சத்தம் மாதிரிக் கேட்டிச்சு" எண்டா. இந்த ஊரில அம்மா வயசு ஆக்களுக்கு அந்தச் சத்தம் எப்பிடிப் போய்த் தாக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல, நான் வரும்போது முன் வாசல்ல குந்தியிருந்தா, கை நடுங்கினது. பிறிட்ஜ் தட்டெல்லாம் கண்ணாடித் துண்டு. பக்கத்தில ஆள் நிண்டிருந்தா கண் போயிருக்கும். இஞ்சிச் சோடாவுக்குள்ள சீனி கிட்டத்தட்ட முழுக்க மிச்சம் இரிக்கு, குளிர் போனா ஈஸ்ட் திரும்ப எழும்பிரும். கண்ணாடியில அடைக்கவே அடைக்காதீங்க, கறண்ட் போனா உடன மூடியச் சொட்டுத் திருகிக் காஸ விடுங்க.

மற்றது, இதிலயும் ஈஸ்ட் சீனியச் சாப்பிடுற நேரம் சொட்டு அற்ககோல் உண்டாகும். ஒரு நாள்ல பிறிட்ஜுக்குள்ள போட்டா அது சரியான குறைவு, ஆனா இல்லையெண்டு சொல்லமாட்டன். காத்தான்குடியில இருந்து வாற என்ர முஸ்லிம் கூட்டாளிக்கு அதச் சொல்லித்தான் வைச்சிருக்கன், அவனுக்கு ஈஸ்ட் போடாம அதே இஞ்சிப் பாணிய சோடாவோட கலந்து குடுக்கிறன். சொல்லாம ஒரு மனிசனுக்கு ஊத்திக் குடுக்கிற வேலை வேணாம். சின்னப் பிள்ளையளுக்கும் அதே பாணிதான்.

இஞ்ச இரிக்கிற ஆக்கள் எடுப்பிக்கிறதெண்டா முழுக் கிட் தேவையில்ல. 30 லீற்றர் பரல் இஞ்சிச் சோடாவுக்கு மிச்சம் பெரிசு, கழுவத் தண்ணியும் கூடப் போகுது, டப் வைச்ச 10 லீற்றர் வாளி காணும். உங்கட ஆக்கள்ட்ட கேக்கிறதெண்டா அந்தப் போத்தலடிக்கிற குழாய், மூடியோட பிளாஸ்டிக் போத்தல் ஒரு டசின், ஒட்டுற தேமோமீற்றர், இந்த மூண்டையும் கேளுங்க, மிச்சமெல்லாம் பட்டினத்துக் கடையில இரிக்கு. அங்க இரிக்கிற ஆக்கள் லாகர் போடுறதெண்டா கிட்ட வாங்குங்க, ரின் நல்லம், சாமான் நல்லம், ஆனா மூடிக்குக் கீழ இரிக்கிற ஈஸ்டையும் அந்தத் தாளையும் எடுத்து வைச்சிட்டு, லாகர் ஈஸ்ட் ரெண்டு பைக்கற் வேறயா வாங்கி, குளிர் மாசத்தில கராஜ்ல போடுங்க.

எட்டு மாசப் பாவிப்புக்கு என்ர டப்பில ரப்பர் வாஷர் தேஞ்சு சொட்டுச் சொட்டா ஒழுகுது, இஞ்ச அந்த அளவு கிடைக்கல்ல. அண்ணன் அடுத்த மாசம் கோயில் திருவிழாவுக்கு வாறார், நாலு வாஷர் கொண்டு வரச் சொல்லியிருக்கன், அவருக்கெண்டு காரம் கூட்டி ஒரு பரல் இஞ்சிச் சோடா முதல் நாளே போட்டு வைக்கணும்.